மண்டபத்தோடு முடிந்த ரோட்டு

முகத்துவாரத்தில், களனி ஆறு கடலில் விழுகிற பக்கமாக ஒரு ஒழுங்கைக்குள் சின்னக் கராஜ் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பொனட் திறந்தபடி ஒரு மொரிஸ் மைனர் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும், அதுதான் அடையாளம். எங்களில் ஒருத்தனின் ஸ்கூட்டரைத் திருத்தக் கொடுத்துவிட்டு நாங்கள் மூன்று பேர் அங்கே காத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

சும்மா நிற்கிற நேரத்தில் ஃபோனைப் பார்ப்போம் இல்லையா? அப்படிப் பார்த்தபோது ஒரு பழைய படம் வந்தது. ஒரு பஸ், அதன் பக்கத்தில் 'லண்டன் – கல்கத்தா' என்ற எழுத்து.

"லண்டன்ல இருந்து கல்கத்தாவுக்கு பஸ் ஓடியிருக்காம். நம்மட ஊருக்கு ஏன் வரல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். எங்களுக்குள்தான் கேட்டாள். பதில் மொரிஸ் மைனருக்குள் இருந்து வந்தது.

"மண்டபத்தோட ரோட்டு முடிஞ்சிருமே மகள். அதுக்கப்புறம் ரயில், பிறகு கப்பல். எங்கப்பாவும் அந்தப் பக்கத்தாலதான் வந்தாரு. அவருகிட்ட பஸ்ஸும் இல்ல, காரும் இல்ல."

கராஜ் மாமா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானரைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அந்த இரண்டு பயணங்களையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது எங்களை விடவில்லை. லண்டனில் இருந்து பஸ்ஸில் கிளம்பிய வெள்ளைக்காரர்களும், இராமநாதபுரத்துப் பக்கமிருந்து கிளம்பிய ஒரு தகப்பனும் எப்படி ஒரே ரோட்டுக் கதைக்குள் வருவார்கள்? தேடிப் பார்த்தோம். வருகிறார்கள்.

ஆறு மாணவர்கள், இரண்டு லாண்ட் ரோவர்

முதலில் அந்த பஸ். படம் பொய்யில்லை. 'இந்தியாமான்' என்ற பெயரில், ஒஸ்வால்ட் ஜோசப் காரோ-ஃபிஷர் என்பவர் நடத்திய சேவை அது. முதல் பஸ் 1957 ஏப்ரல் 15ஆம் திகதி 20 பயணிகளோடு லண்டனில் இருந்து புறப்பட்டு, பிரான்ஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக ஜூன் 5ஆம் திகதி கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 51 நாட்கள். ஒருவழிக் கட்டணம் 85 பவுண்.

அதற்கும் முன்னால், எங்கள் வயதுக்காரர்கள் ஆறு பேர் இதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் செய்திருக்கிறார்கள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அவர்கள், 1955 செப்டெம்பர் 1ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க் மூலையில் இருந்து இரண்டு லாண்ட் ரோவர்களில் கிளம்பினார்கள். இலக்கு சிங்கப்பூர். ஒரு வண்டி கடும் நீலம், அதன் பெயர் 'ஒக்ஸ்போர்ட்'. மற்றது வெளிர் நீலம், 'கேம்பிரிட்ஜ்'. வண்டிகளை ரோவர் கம்பனி கொடுத்தது. அப்போது பிபிசியில் இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்தார். ஈரானையும் இந்தியாவையும் கடந்து, அசாமில் இருந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்து மலைப்பாதை வழியாகப் பர்மாவுக்குள் இறங்கி, 1956 மார்ச் 6ஆம் திகதி சிங்கப்பூரைத் தொட்டார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸர் பிறகு அதைப் புத்தகமாக எழுதினார்.

இந்தக் கதையை வாசிக்கும்போது எங்களுக்குப் பொறாமை வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கம்பஸில் ஒரு சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கவே நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும். அவர்கள் ஒரு கண்டத்தையே கடந்திருக்கிறார்கள்.

1960களிலும் 70களிலும் இந்தப் பாதை இன்னும் பெருத்தது. ஐரோப்பிய இளைஞர்கள் பழைய வான், பழைய கார், பழைய பஸ் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், டில்லி என்று வந்தார்கள். 'ஹிப்பிப் பாதை' என்று உலகம் பெயர் வைத்தது. 1972இல் டோனி வீலரும் மோரீன் வீலரும் ஒரு பழைய மினி வானில் லண்டனில் இருந்து கிளம்பி, காபூலில் அதை விற்றுவிட்டு அவுஸ்திரேலியா வரை போனார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 'லோன்லி பிளானட்' வழிகாட்டி நூல்கள். 1979இல் ஈரானில் புரட்சி வந்தது. அதே வருடக் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. தரைப்பாதை மூடிக்கொண்டது.

அந்தப் பாதையின் ஒரு கிளை தெற்கே வந்தது. மதராஸ், மதுரை, இராமேஸ்வரம், பிறகு கடல், பிறகு நாங்கள்.

வேகனில் ஏறிய கார்

மாமா சொன்னது சரிதான். பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதே வருடம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடியும் ரயில் ஏறினால் கொழும்பு கோட்டை. ஆனால் பாம்பனில் வாகனங்களுக்கான பாலம் திறந்தது 1988இல்தான். அதுவரை இந்தியப் பெருநிலத்தின் ரோட்டு மண்டபத்தோடு சரி. லண்டனில் இருந்து பத்து நாட்டை உருண்டு கடந்த வண்டியாக இருந்தாலும், அங்கே ரயில் வேகனில் ஏறாமல் இராமேஸ்வரத் தீவைத் தொட முடியாது.

இப்படி நாடு நாடாக வண்டி ஓட்டுகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் இருக்கும். 'கார்னே' என்பார்கள். வண்டிக்கான கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம். உள்ளே வரும்போது சுங்கம் முத்திரை குத்தி ஒரு துண்டைக் கிழித்து எடுக்கும், வெளியே போகும்போது இன்னொரு துண்டு. இதன் அர்த்தம் ஒன்றுதான்: இந்த வண்டி இங்கே தங்காது, திரும்பிப் போகும். போகாவிட்டால் வரிப் பணத்துக்கு கார்னே கொடுத்த மோட்டார் சங்கம் பொறுப்பு.

இதை வாசித்தபோது எங்களுக்கு வேறொரு பொருள் ஞாபகம் வந்தது. மலையக வரலாற்றைப் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்: தகரத் துண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் இருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த முறையில், ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்துக்குரிய இலக்கம் பொறித்திருக்கும். கயிற்றில் கோர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வழியில் இருக்கும் முகாம்காரருக்கும் ரயில்காரருக்கும் அந்த இலக்கம் போதும். இந்த ஆளை எங்கே இறக்குவது, செலவை யார் கணக்கில் எழுதுவது என்று தெரிந்துவிடும். பெயரைக் கேட்க வேண்டியதில்லை.

அந்த முகாம் எங்கே இருந்தது தெரியுமா? மண்டபத்தில். இலங்கைக்கு வேலைக்கு வரும் ஆட்களைச் சில நாட்கள் தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்கு இலங்கை அரசு நடத்திய முகாம். வெள்ளைக்காரரின் ரோட்டு முடிந்த அதே ஊரில்தான் எங்கள் ஆட்களின் வரிசை தொடங்கியது.

1914க்கு முன்

ரயிலும் கப்பலும் வந்தது பிந்தி. அதற்கு முன்னர், கோப்பிக் காலத்தில், மக்கள் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தார்கள். மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. 'வடபாதை' என்று எழுதப்படும் அந்த வழி பெரும்பாலும் காடு. தண்ணீர் இல்லை. கொலராவும் மலேரியாவும் இருந்தன. நடக்க முடியாமல் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டார்கள். பிறகு தூத்துக்குடியில் இருந்து கப்பலில் நேரே கொழும்புக்கு வரும் வழி பெருத்தது. வட கொழும்பில், துறைமுகத்தைச் சுற்றி, எங்களில் பலரின் குடும்பங்கள் வேர்விட்ட கதை அந்தப் பக்கத்தோடும் சேர்ந்தது.

நீண்ட தரைப்பயணம் என்று கூகுளில் தேடினால் லாண்ட் ரோவர் வரும், மினி வான் வரும், பஸ் வரும். வடபாதை வராது. ஏன்? தூரம் குறைவு என்று சொல்லலாம். ஆனால் நடந்து பாருங்கள். கையில் குழந்தை, தலையில் சட்டி பானை, காலில் செருப்பு இல்லை. தூரத்தை கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணம். ஒருவர் திரும்பிப் போவதற்கான வழியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அது சாகசம். அது இல்லாமல் போனால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ஒரே கப்பல், இரண்டு வரிசை

1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஹைட் பார்க்கில் வண்டியைக் கிளப்பிய 1955இல், ஹற்றனில் பிறந்து ஹற்றனிலேயே வளர்ந்த ஒருவருக்கு எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லாமல் இருந்திருக்கும். அந்த வண்டிகளுக்கு இருந்த ஆவணம்கூட அவருக்கு இல்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது.

அந்த 'இராமானுஜம்' கப்பலில்தான் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறினார்கள். தோட்டங்களில் இருந்து தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டுவந்த ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். மு. சிவலிங்கம் அந்தப் பெயரிலேயே கதை எழுதியிருக்கிறார். ஸ்டேஷன் ஸ்டேஷனாக அழுகை. தம்பிக்கு இந்தியா கிடைத்தது, அக்காவுக்கு இலங்கை கிடைத்தது. அப்படியே குடும்பம் இரண்டாக நின்றது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இங்கே நின்றவர், அவருடைய தங்கை கூடலூருக்குப் போனவர். அம்மம்மா கடைசி வரைக்கும் தங்கையைக் காணவில்லை. காகிதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. அதைத் திறந்து பார்க்கத்தான் வீட்டில் யாருக்கும் மனமில்லை.

இப்போது அந்த 1970களை யோசித்துப் பாருங்கள். ஹிக்கடுவைக்குப் போகிற ஹிப்பி இளைஞர்கள் இராமேஸ்வரத்தில் ஏறித் தலைமன்னாரில் இறங்குகிறார்கள். அதே இறங்குதுறையில், டிரங்குப் பெட்டிகளோடு, ஒரு முறைகூடப் பார்த்திராத 'சொந்த நாட்டுக்கு' ஏறுவதற்கு எங்கள் சனம் நிற்கிறது. ஒரு பக்கத்தார் தங்களைத் தேடி வந்ததாகப் பின்னாட்களில் எழுதினார்கள். மறுபக்கத்தாரின் பெயர்கள் பட்டியல்களில் மட்டும் இருக்கின்றன.

யுத்தத்தோடு, 1984இல், கப்பல் நின்றது. அதற்குப் பிறகு இங்கிருந்து அக்கரைக்குப் போனவர்கள் மீன்பிடிப் படகுகளில் போனார்கள், அகதிகளாக. அவர்களையும் கொண்டுபோய் வைத்த முகாம் எங்கே என்று இனி நாங்கள் சொல்லத் தேவையில்லை. மண்டபத்தில்தான்.

பழைய வண்டி

கராஜில் நிற்கும் மொரிஸ் மைனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வாகனங்களைப் பாதுகாப்பது வெளிநாடுகளில் ஒரு பொழுதுபோக்கு, காசுள்ளவர்களின் விருப்பம். இங்கே மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் விருப்பமில்லை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதியை இறுக்கினார்கள், இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போக விடாத வருடங்களில், அங்கே அந்தப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2020இல் மறுபடியும் வாகன இறக்குமதித் தடை, 2022இல் பெற்றோல் வரிசை, கியூஆர் கோட். "இந்த வண்டிக்கு எழுபது வயசு. இது பார்க்காத தட்டுப்பாடு இல்ல" என்று மாமா ஒரு நாள் சொன்னார். அவர் பெருமையாகச் சொன்னாரா, அலுப்பில் சொன்னாரா என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

திரும்பிப் போன இரண்டு பயணங்கள்

சமீபத்தில் இந்த இரண்டு வழிகளையும் இரண்டு கூட்டம் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறது.

முதலாவது 2019இல். அந்த 'ஒக்ஸ்போர்ட்' லாண்ட் ரோவர் பல வருடங்கள் அத்திலாந்திக்கில் சென் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்டு, பழுதுபார்த்து, ஓகஸ்ட் 25ஆம் திகதி சிங்கப்பூரில் இருந்து கிளப்பி, டிசம்பர் 14ஆம் திகதி லண்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். 87 வயது டிம் ஸ்லெஸரும் போவதாகத்தான் இருந்தது. சுகமில்லாமல் போனதால் அவருடைய பேரன் அந்த இடத்தில் ஏறினார். தாத்தாவின் வண்டியில் பேரன்! அழகான கதைதான், மறுக்கவில்லை. படமாகவும் எடுத்தார்கள்.

இரண்டாவது 2023இல். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் இருந்து கால்நடையாகக் கிளம்பி, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர், 16 நாள். பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் வடபாதையில் நடந்தார்கள். வழியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் தண்ணீர் கொடுத்தார்கள், கூட நடந்தார்கள். ஆனால் அவர்கள் நடந்தது ஞாபகத்துக்கு மட்டும் இல்லை. காணி வேண்டும், வீடு வேண்டும், நியாயமான சம்பளம் வேண்டும், சம பிரஜைகளாக நடத்த வேண்டும் என்று கேட்டு நடந்தார்கள். லண்டனுக்குப் போன வண்டிக்கு அங்கே கைதட்டல் போதுமாக இருந்தது. மாத்தளைக்குப் போனவர்களுக்கு அது போதாது. அந்த நடை இன்னும் முடியவில்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இப்போது போகலாமா?

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். இன்றைக்கு முகத்துவாரத்தில் இருந்து ஒரு காரில் கிளம்பி லண்டனுக்குப் போகலாமா? 2011இல் கொழும்பு – தூத்துக்குடிக் கப்பல் தொடங்கி, அதே வருடம் நின்றது. 2023இல் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் மறுபடியும் தொடங்கியது. அது ஆட்களை ஏற்றும், காரை ஏற்றாது. தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் ரயில் பாதையை 2015இல் திரும்பவும் போட்டுவிட்டார்கள். கோட்டையில் ஏறினால் ரயில் உங்களைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கும். கப்பல்தான் இல்லை. மண்டபத்தில் முடிந்த ரோட்டு இப்போது இந்தப் பக்கத்தில் முடிகிறது.

ஒரு நாள் கப்பல் வரும், கார் ஏற்றும், யாராவது இங்கிருந்து லண்டன் வரைக்கும் ஓட்டுவார்கள். அதைப் பார்க்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஸ்லெஸரின் பேரனுக்கு ஒரு புத்தகம் இருந்தது, படம் இருந்தது, பார்த்துப் போக வரைபடம் இருந்தது. எங்கள் வீடுகளில் பிஸ்கட் டின்தான் இருக்கிறது. அதற்குள் குடும்ப அட்டை, மங்கிப்போன ஒரு ஃபோட்டோ, ஒரு கடித உறை. அதை விளங்கப்படுத்தக்கூடியவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு கேட்பு. உங்கள் வீட்டில் யார் எந்த வழியால் வந்தார்கள்? தலைமன்னாரா, தூத்துக்குடியா? மண்டபத்தில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? யார் ஒப்பாரிக் கோச்சியில் போனார்கள்? கேட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும், பேச்சுத் தமிழிலேயே எழுதலாம்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கராஜுக்குப் போனோம், ஸ்கூட்டர் இல்லாமல். மாமா மொரிஸ் மைனரின் பின் சீட்டில் இருந்த சாமான்களை ஒதுக்கி உட்காரச் சொன்னார். பிளேன்டீ வந்தது. ரெக்கோர்டரைப் போட்டுவிட்டு, அவருடைய அப்பாவின் பெயரை முதலில் கேட்டோம்.